ஐஸ் பெட்டியில் வந்த ஊசி

“ஐஸ்ல வர்ற சரக்கு எத்தினி நாளு சரக்குன்னு உன் காலேஜ்ல சொல்லிக் குட்க்கலியாடி?”

அம்மா இப்படிக் கேட்டபோது நான் வேலை முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தேன். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக்கூடக் கழற்றவில்லை. அம்மாவின் மடியில் அக்காவின் மகள் உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்பது மாதம் முடிந்திருந்தது. அன்று காலை அவளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். போடவில்லை. ஏன் போடவில்லை என்று நான் கேட்டதற்குத்தான் அம்மா திருப்பி இதைக் கேட்டாள்.

கல்லூரியில் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது உண்மைதான். நான் படித்தது வணிகவியல். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். அக்காவும் போனாள். மதியச் சோற்று மணிக்குப் போய், சோறு முடிந்ததும் திரும்பிவிடுவாள் என்பதால் அதை யாரும், அக்கா உட்பட, கணக்கில் சேர்ப்பதில்லை. அம்மா மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியவள் இல்லை. காசிமேட்டில் மழைக்கு ஒதுங்க ஐஸ் கம்பெனி இருந்தது. நான் பட்டம் வாங்கிய படம் எங்கள் வீட்டில் டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறது. இப்படிப்பட்ட என்னைப் பார்த்து, படித்ததில் ஐஸ் பற்றிய பாடம் இல்லையா என்று கேட்டால் கோபம் வரத்தான் செய்யும்.

அம்மா மீன் விற்கிறாள். விடிவதற்கு முன்பே காசிமேட்டில் ஏலம் எடுத்து, வெளிச்சம் வருவதற்குள் எங்கள் தெருமுனை மார்க்கெட்டில் கடை பரப்பிவிடுவாள். அக்காவும் கூடவே போவாள். குழந்தை பிறந்த பிறகு பாதி நாள்தான் போகிறாள். அம்மாவுக்கு உலகத்தில் இரண்டு வகைப் பொருள்கள்தான். ஒன்று, இன்றைக்குக் கரைக்கு வந்தது. இன்னொன்று, ஐஸில் வைத்தது. இரண்டாவதை அவள் மட்டமாகப் பேச மாட்டாள், ஏனென்றால் விற்காமல் மிஞ்சியதை மறுநாள் ஐஸிலிருந்து எடுத்து அவளேதான் விற்கிறாள். ஆனால் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டாள். எங்கள் வீட்டில் ஐஸ் என்றால் நேற்று என்று அர்த்தம். பக்கத்து வீட்டில் ஃப்ரிட்ஜ் வாங்கியபோது எல்லாரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். வரும் வழியில் அம்மா சொன்னாள்: “இனிமே அவங்க வூட்ல எல்லாமே நேத்துதான்.”

அம்மா ஊசிக்கு எதிரி இல்லை. இதைச் சொல்லியாக வேண்டும். குழந்தை பிறந்த ஆஸ்பத்திரியில் போட்ட ஊசிக்கும் சரி, பிறகு சுகாதார நிலையத்தில் போட்ட ஊசிகளுக்கும் சரி, அம்மா ஒரு வார்த்தை சொன்னதில்லை. காய்ச்சல் வந்தால் ஈரத்துணி போட்டுக்கொண்டு, “காஞ்சாதான் ஊசி வேல செய்துன்னு அர்த்தம்” என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள். அங்கெல்லாம் நர்ஸ் உள்ளறையிலிருந்து ஊசியைத் தயாராக எடுத்து வருவார். ஊசி எங்கிருந்து வருகிறது என்று அம்மா பார்த்ததில்லை.

இந்த முறை சுகாதார நிலையத்தில் தரை உடைத்து வேலை நடந்துகொண்டிருந்தது. அதனால் புதன்கிழமை முகாமை மார்க்கெட்டை ஒட்டிய சமூகக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். நர்ஸ் தோளில் நீல நிறப் பெட்டி ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார். வியாபாரம் மந்தமாக இருந்த நேரம். அம்மா கூடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு, பேத்தி அழும்போது கூட இருக்கலாம் என்று ஈரக் கையோடு போயிருக்கிறாள்.

நடந்ததை அக்கா எனக்கு நடித்தே காட்டினாள்.

“நான் புள்ளைய மடில வெச்சிகினு கையச் சுருட்டிவிட்டுகினு கீறேன். நர்சம்மா பொட்டியத் தொறந்தாங்க. உள்ள ஐஸு. அம்மா மூஞ்ச நீ பாத்திருக்கணும்டி.”

அம்மா பெட்டிக்குள் எட்டிப் பார்த்திருக்கிறாள். பிறகு விசாரணை.

“இது எப்ப வெச்ச ஐஸு?”

“காலையில வெச்சதும்மா.”

“மருந்து எப்ப வந்தது?”

அந்த நர்ஸ் பொய் சொல்லத் தெரியாதவர். “எங்களுக்குப் போன வாரம் வந்துச்சும்மா” என்றிருக்கிறார்.

அதோடு முடிந்தது. “என் பேத்திக்கு நேத்து புட்ச்ச நெத்திலியே குட்க்க மாட்டேன். போன வாரத்து மருந்தா?” என்று அம்மா குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டாள். அக்கா பின்னாலேயே ஓடியிருக்கிறாள்.

அங்கே வரிசையில் இன்னும் சில பெண்கள் இருந்தார்கள். எல்லாரும் மார்க்கெட்டுக்காரர்கள். அம்மா ஒரு மீனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினால் அந்த மீன் அன்றைக்கு அந்த மார்க்கெட்டில் விலை போகாது. ஊசிக்கும் அதுவே நடந்தது. ஒவ்வொருத்தியாகப் பிள்ளையின் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்து போனார்களாம். நர்ஸ் பெட்டியை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தாராம்.

இது வேறு ஏதாவது ஊசியாக, வேறு ஏதாவது மாதமாக இருந்திருந்தால் நானும் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பேன். ஆனால் பின்தெருவில் ஒரு சின்னப் பெண்ணுக்குத் தட்டம்மை வந்து, நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஊசி போட்டிருக்கவில்லை. தட்டம்மை காற்றிலேயே பரவும். நோயாளி ஒரு அறையை விட்டுப் போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே தங்கும். எங்கள் தெருவுக்கும் பின்தெருவுக்கும் நடுவில் இருப்பது ஒரு சுவர். அந்தச் சுவரிலும் பூனைக்காக ஒரு செங்கல்லை எடுத்திருக்கிறார்கள்.

அன்று மாலையே நான் அம்மாவுக்கு விளக்கத் தொடங்கினேன். மருந்து கெட்டுப்போகாமல் இருக்கத்தான் ஐஸ் என்றேன்.

“மீனும் கெட்டுப்போவாம இருக்கத்தான் ஐஸு. அதுக்காவ அது புது மீனா?”

நான் திருவொற்றியூர் தாண்டி ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை செய்கிறேன். அங்கே குளிர் கன்டெய்னர்களுக்கு மின்சாரம் கொடுத்து வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். அவற்றின் வெப்பநிலையை வாங்கிப் பதிவதும் என் வேலையில் சேர்த்தி. எனவே இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் தகுதி இருப்பதாக நினைத்தேன்.

“எங்க யார்டுல வெளிநாட்டுக்குப் போற எறா மொத்தமும் ஐஸாதான் போவுது. அவங்க எல்லாம் ஏமாளியா?”

“வெளிநாட்டுக்காரன் செவுளத் தூக்கிப் பாத்தா வாங்கறான்? பொட்டில ஒட்டின பேப்பரப் பாத்து வாங்கறவன்தான?”

“இந்த மருந்துலயும் தேதி போட்டிருக்கும்மா. எது வரைக்கும் நல்லதுன்னு அச்சடிச்சிருக்கும்.”

“அச்சடிச்சவன் யாரு? விக்கறவன்தான?”

அக்கா அடுப்படியிலிருந்து சிரித்தாள். குழந்தையும் சிரித்தது; அது யார் சிரித்தாலும் சிரிக்கும். நான் செல்போனை எடுத்து, தட்டம்மை வந்த குழந்தைகளின் படங்களைக் காட்டினேன். அம்மா பார்த்துவிட்டு, “பாவம்” என்றாள். பிறகு, “அதுங்களுக்குப் பழைய மருந்து போட்டிருப்பாங்க” என்றாள்.

எனக்கு இந்த ஊசி பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். வகுப்பு வகுப்பாக வரிசையில் நிற்க வைத்தார்கள். நான் ஓடினேன். வாட்ச்மேன் கேட்டை மூடிவிட்டுப் பிடித்துக் கொண்டுவந்தார். படிப்பால் எனக்குக் கிடைத்த முதல் லாபம் அந்த ஊசிதான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அப்படித் தோன்றவில்லை. அக்கா பள்ளியில் இல்லாததால் அவளுக்குப் போடவில்லை. எனக்குப் போட்ட ஊசியும் ஐஸ் பெட்டியில்தான் வந்திருக்கும், நான் நன்றாகத்தானே இருக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன பொருள் என்று நான் கேட்கவில்லை.

இரண்டாவதாக ஒரு திட்டம் வைத்திருந்தேன். அம்மா மார்க்கெட்டில் இருக்கும் நேரத்தில், தண்டையார்பேட்டையில் ஒரு குழந்தை டாக்டரிடம் கூட்டிப்போய்ப் போட்டுவிடலாம் என்று அக்காவிடம் சொன்னேன். அங்கே மருந்து ஃப்ரிட்ஜில் இருக்கும், ஊசி மட்டும் வெளியே வரும். யாரும் எதையும் பார்க்க மாட்டார்கள்.

அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: “அப்பால?”

“அப்பால இன்னா?”

“ஒன்ற வயசுல இன்னொரு தபா போடணும்னு நர்சம்மா சொன்னாங்கல்ல. அப்பவும் திருட்டுத்தனமா இட்டுகினு போவியா? நான் யாவாரத்துக்குப் போனா புள்ளையப் பாத்துக்கறது அம்மா. ஊசி போட்ட கை வீங்கி, காய்ச்சல் வந்தா நான் இன்னான்னு சொல்றது? எறும்பு கட்ச்சிதுன்னா?”

நான் வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினேன்.

“எங்கூட்டுக்காரரு போன்ல இன்னா சொன்னாரு தெரியுமா? ‘அத்த சொன்னா சரி’ன்னாரு. கடலுக்குக் கெளம்பறவரு வேற இன்னா சொல்வாரு.” அக்காவின் கணவர் விசைப்படகில் போகிறவர். போனால் கரை திரும்பப் பல நாள் ஆகும். வீட்டு விஷயங்களில் அவர் எடுக்கும் முடிவு பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு உடம்பு சுட்டது. மூக்கு ஒழுகியது. கண் லேசாகச் சிவந்திருந்தது. தட்டம்மையும் இப்படித்தான் தொடங்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்ததால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. நாங்கள் மூன்று பேரும் முறை வைத்துக்கொண்டு அவள் காதுக்குப் பின்னால், கழுத்தில், வயிற்றில் பார்த்துக்கொண்டே இருந்தோம். அம்மா ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தாள். மீன்காரிக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. குழந்தை எங்கள் யாரையும் பொருட்படுத்தாமல் ஸ்பூனைக் கடித்தாள். செவ்வாய்க்கிழமை காய்ச்சல் விட்டது. கீழ் ஈறில் ஒரு பல் எட்டிப் பார்த்தது.

அம்மா அந்தப் பல்லை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “நல்ல மருந்தா கெட்ச்சா இன்னிக்கே போட்டுடலாம். நான் ஊசி வேணாம்னா சொன்னேன்? பழசு வேணாம்னுதான சொன்னேன்.”

நான் ஒரு வாரமாக அம்மாவிடம் தட்டம்மை எவ்வளவு ஆபத்தானது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அதை அவள் ஒருநாளும் மறுக்கவில்லை. அவள் கேட்டது ஒரே கேள்வி, அதுவும் சரக்கைப் பற்றி. அதற்கு மட்டும் நான் அச்சடித்த தேதியைக் காட்டினேன். அதுவும் படிக்கத் தெரியாதவளிடம்.

செவ்வாய் சாயங்காலமே அம்மாவிடம் பேசினேன்.

“நாளைக்கு முகாமுக்கு வா. போட வேணாம். வாங்கவும் வேணாம். சும்மா சரக்கப் பாரு.”

சரக்கைப் பார்க்கக் கூப்பிட்டால் அம்மாவால் வராமல் இருக்க முடியாது. “பாக்கறதுக்கு இன்னா” என்றாள்.

புதன்கிழமை யார்டில் பாதி நாள் விடுப்பு சொன்னேன். அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். அம்மா கடையிலிருந்து நேராக வந்தாள்; புடவை முந்தானையில் செதில் ஒட்டியிருந்தது. கூடத்தில் நர்ஸ் மட்டும் உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். எங்களைப் பார்த்ததும் அவர் கை தானாகப் பெட்டியின் மூடிமேல் போய் நின்றது. போன வாரம் நடந்தது அவருக்கும் மறக்கவில்லை.

“சிஸ்டர், அம்மாவுக்கு மருந்து நல்லா இருக்கான்னு பாக்கணுமாம்” என்றேன்.

இப்படி ஒரு கோரிக்கையை அவர் எதிர்பார்க்கவில்லை. ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். பெட்டியைத் திறந்து, ஐஸ் பாக்கெட்டுகளுக்கு நடுவிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்தார். நான் தேதியைப் படித்துக் காட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் குப்பியைத் தலைகீழாகச் சாய்த்து மூடியின் பக்கத்தை அம்மாவிடம் காட்டினார்.

“இந்த வட்டம் தெரியுதாம்மா? அதுக்குள்ள ஒரு சின்னக் கட்டம் இருக்கு பாருங்க. கட்டம் என்ன நெறம்?”

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். “வெள்ளையா கீது.”

“மருந்து சூடு பட்டுச்சுன்னா அந்தக் கட்டம் கொஞ்சங் கொஞ்சமா கருக்கும். கம்பெனியில இருந்து இங்க வர்ற வரைக்கும் வழியில எங்கயாவது வெயில்ல கெடந்தாலும் காட்டிக் குடுத்துடும். சுத்தி இருக்கற வட்டத்து நெறத்துக்கு வந்துட்டா நாங்க போட மாட்டோம்.”

அம்மா குப்பியை வாங்கக் கையை நீட்டினாள். நர்ஸ் கொடுக்கவில்லை, தன் கையிலேயே வைத்துக்கொண்டு இன்னும் கிட்டத்தில் காட்டினார். அம்மா தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தாள். காசிமேட்டில் ஏலத்துக்கு முன்னால் வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்க்கும்போது இருக்கும் அதே முகம். அந்த முகத்தை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அப்போது பேசினால் அடி விழும்.

“செவுளு” என்றாள், தனக்குத்தானே. பிறகு நர்ஸைப் பார்த்து, “மருந்துக்குச் செவுளு வெச்சிருக்காங்க. இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?”

“நீங்க எங்கம்மா கேட்டீங்க. எப்ப வந்துச்சுன்னு கேட்டுட்டு எழுந்து போயிட்டீங்க.”

“இரு இரு. எங்க மார்க்கெட்ல செவுளுக்கு ரத்தம் தடவி செவக்க வெச்சி விக்கறவங்க கீறாங்க. யாருன்னு சொல்ல மாட்டேன். அந்த மாரி இந்தக் கட்டத்த எவனாச்சும் தொடச்சி வெள்ளையாக்கிட்டான்னா?”

நர்ஸ் சிரித்துவிட்டார். “கருத்தது மறுபடி வெளுக்காதும்மா. அப்படித்தான் செஞ்சிருக்காங்க.”

அம்மா சிரிக்கவில்லை. வியாபாரம் பேசும்போது அவள் சிரிப்பதில்லை. “உள்ள தண்ணி இல்லியே. பொடியா கீது?”

“பொடிதான். இந்தத் தண்ணிய ஊத்திக் கலக்கணும். கலக்குனா நாலு மணி நேரம்தான். அதுக்குள்ள போட்டு முடிக்கணும்.”

“மிச்சம் இருந்தா?”

“யாருக்கும் போட மாட்டோம். அழிச்சிடுவோம்.”

“நாளைக்கு வெச்சிக்க மாட்டீங்க?”

“மாட்டோம்.”

“ஐஸ்ல போட்டு?”

“ஐஸ்ல போட்டாலும் மாட்டோம்மா.”

அம்மா நிமிர்ந்தாள். எனக்குத் தெரிந்து அவள் வாழ்நாளில், மிச்சத்தை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளாத ஒரு விற்பனையாளரை அவள் சந்தித்ததில்லை. அவள் உட்பட.

“ஒரே ஒரு புள்ளைதான் வந்துகீது. அதுக்காவ புதுசு ஒடைப்பீங்களா?”

“ஒடைப்பேன்.”

“அப்ப என் பேத்தி எதுர்ல ஒடை. மொத ஊசி அவளுக்கு. நான் பாக்கணும்.”

நர்ஸ் குப்பியைத் திறந்து கலக்கி, நேரத்தை அதன்மேல் எழுதினார். அக்கா குழந்தையின் சட்டைக் கையைச் சுருட்டினாள். போன வாரம் பாதியில் நின்ற வேலை அது. ஊசி இறங்கியதும் குழந்தை மூச்சை இழுத்து, முகம் சிவந்து, சத்தம் வருவதற்கு முன்னால் எங்கள் ஒவ்வொருவரையும் வரிசையாகப் பார்த்தாள். பிறகு அழுதாள். வாயைத் திறந்தது வசதியாகப் போனதால் வைட்டமின் சொட்டையும் நர்ஸ் அப்போதே கொடுத்துவிட்டார். அழுகை இன்னும் கூடியது. அம்மா அவளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, “இன்னாடி கத்தற. புது சரக்குடி அது” என்று தட்டிக்கொடுத்தாள்.

அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொன்னார்கள். இருந்தோம். அரை மணி நேரம் முடிந்தது. அக்கா குழந்தையோடு வீட்டுக்குப் போனாள். அம்மா போகவில்லை. கூடையைப் பார்த்துக்கொள்ள மார்க்கெட்டில் ஆள் இருக்கிறது என்றாள். நர்ஸுக்கு எதிரில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்குக் காரணம் புரிந்தது. மிச்சத்தை உண்மையிலேயே அழிக்கிறார்களா என்று பார்க்காமல் அவள் எழுந்திருக்கமாட்டாள்.

வேறு யாரும் வரவில்லை. முகாம் முடியும் நேரத்தில் நர்ஸ் திறந்த குப்பியை எடுத்து, பெட்டிக்குள் வைக்காமல் ஒரு தனிப் பையில் போட்டு முடிச்சுப் போட்டார். அம்மா முடிச்சையும் பார்த்தாள்.

“அதுல இன்னும் எத்தினி புள்ளைக்கு இருந்துது கண்ணு?”

“நாலு பேருக்குப் போட்டிருக்கலாம்மா.”

வெளியே வந்ததும் அம்மா என்னிடம் சொன்னாள்: “இந்தப் பொண்ணு மீன் வித்தா ஒரு நாளு பொழைக்காது.” அம்மா ஒருவரை இதற்கு மேல் பாராட்டி நான் கேட்டதில்லை. என்னை இந்த அளவுக்குப் பாராட்டியதில்லை.

அந்த நான்கு யாருடையது என்று அம்மா கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். போன புதன்கிழமை அவள் பின்னால் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்து போனவர்களின் பிள்ளைகள் இன்னும் ஊசி போடாமலேயே இருந்தார்கள். வீட்டுக்கு வந்து சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவள், பாதியில் எழுந்து கையைக் கழுவினாள்.

“பின்தெரு பொண்ணு ஆஸ்பத்திரிலேந்து வந்துட்ச்சாடி?”

“வந்துட்ச்சு. இன்னும் இருமுதாம்.”

“உம்” என்றாள்.

குழந்தைக்கு அன்று மாலை லேசாகச் சூடு இருந்தது. மருந்துக்கே செவுள் பார்த்துவிட்ட அம்மா வேறு யாரையும் ஈரத்துணி போட விடவில்லை, அவளே போட்டாள். மறுநாள் குழந்தை சரியாகிவிட்டாள். ஊசி முழுசாக வேலை செய்ய இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்று நான் சொன்னதும், அம்மா பூனைக்காக எடுத்த செங்கல்லைத் தேடிக் கண்டுபிடித்து ஓட்டையை அடைத்தாள். அதனால் பயன் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பூனை இப்போது வாசல் வழியாக வருகிறது.

மார்க்கெட்டில் அம்மா அந்த வாரமே எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். அவள் விளம்பரம் செய்யும் முறை எனக்குத் தெரியும். நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டாள். “நான் பாத்துட்டேன்” என்பாள். அவ்வளவுதான். ஆனால் ஊசிக்கு அது போதவில்லை.

“நீ பாத்துட்ட, சரிக்கா. யாவாரத்த வுட்டுட்டு எப்டி வர்றது?” என்று கேட்டாளாம் எதிர்க்கடைக்காரி. “அவங்க மூட்ற நேரத்துக்குத்தான் நான் கூடையே கழுவறேன்.”

அது நியாயமான கேள்வி. முகாம் காலையில் தொடங்கி மதியம் முடிந்துவிடும். எங்கள் பெண்களுக்கு நாள் தொடங்குவது ஊர் தூங்கும்போது. கை ஓய்வது மதியத்துக்கு மேல். அன்று அக்கா வியாபாரத்தை விட்டுவிட்டுத்தான் போனாள். போன தடவை வந்த மற்றவர்களும் அப்படித்தான் ஒருநாள் வியாபாரத்தை விட்டு வந்து, அம்மாவின் பேச்சைக் கேட்டுச் சும்மா திரும்பியவர்கள். இரண்டாவது தடவை அவர்களை எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. அதை என்னிடம் அவள் சொன்ன விதம் இது:

“நீதான் பட்ச்சவளாச்சே. போய்ப் பேசு.”

ஐஸ் பற்றிச் சொல்லித் தராத அதே கல்லூரிதான். ஆனால் நான் அதை நினைவுபடுத்தவில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போகும் முன் நர்ஸிடம் கேட்டுக்கொண்டு சுகாதார நிலைய டாக்டரைப் போய்ப் பார்த்தேன். பெஞ்சில் காத்திருந்து உள்ளே போனதும் அவர், “நீங்க யாரு, எந்த அமைப்பு?” என்று கேட்டார்.

“மீன் மார்க்கெட்” என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பெண்கள் வேலை முடிந்து வரும் நேரத்தைச் சொன்னேன். மதியம் மூன்று மணிக்கு மேல் முகாம் வைத்தால் வருவார்கள் என்றேன். மருந்து மிஞ்சிப் போனதையும் சொன்னேன். முன்னே யாரும் வராமல் போனதற்குக் காரணம் கேட்டார்; மருந்தின் தரத்தில் சந்தேகம் இருந்தது, இப்போது தீர்ந்துவிட்டது என்றேன். யார் தீர்த்தது என்று அவர் கேட்கவில்லை.

“ஒரு புதன்கிழமை வச்சுப் பாப்போம்” என்றார். “ஆனா கூடத்த மதியத்தோட பூட்டிடுவாங்க. இடத்துக்கு நீங்கதான் பொறுப்பு. ஆளுங்க வருவாங்கன்னு நிச்சயமா சொல்ல முடியுமா?”

“எங்கம்மா வாசல்ல உக்காருவாங்க” என்றேன். அது போதுமான பதிலாக அவருக்குத் தோன்றியிருக்காது. எங்கள் மார்க்கெட்டில் இதைவிடப் பெரிய உத்தரவாதம் கிடையாது.

யார்டில் புதன்கிழமை ஷிப்டை என்னோடு வேலை செய்யும் பெண்ணுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். அம்மா தன் நாற்காலியை எங்கே போடுவது என்று முடிவு செய்துவிட்டாள்: நர்ஸுக்குப் பக்கத்தில், வெளிச்சம் விழும் பக்கம், குப்பியின் கட்டம் தெரியும் இடத்தில். நேற்று சாயங்காலம் கூடத்துக்குப் பொறுப்பாக இருப்பவரின் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். என் வீட்டுக்கு அடையாளம் கேட்டார். அம்மாவைச் சொன்னேன். உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தார்.

கூடத்தின் சாவி இப்போது என் பையில் இருக்கிறது.